‘த’ வரும்போது இரைந்த வீணை

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்து நான் கலையகத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு தாய் தொலைபேசி எடுத்திருந்தார். மங்கரேயில் இருப்பவர். “அண்ணை, மகளின்ரை வீணையில ‘கிர்’ எண்டு ஒரு சத்தம் வருது. சுருதி கூட்டக் கூட்ட அது கூடுதேயொழியக் குறையேல்லை. இந்தியாவுக்கு அனுப்பித்தான் திருத்த வேணும் எண்டு சொல்லினம். அனுப்புற காசுக்குப் புதுசே வாங்கலாம் போல கிடக்கு. என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

நேயர்களே, நான் வீணை வாசிப்பவன் அல்லன். படித்தது வணிகம், செய்வது கணக்கு. ஆனால் இப்படியொரு சத்தத்தோடு நாலு மாதம் ஒரே வீட்டில் குடியிருந்தவன். அந்த அனுபவத்தையும் அதிலிருந்து கற்றுக்கொண்ட ஒரு முறையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். பிள்ளைகள் வீணை, வயலின், கித்தார், பியானோ எதைப் பழகினாலும் இது உதவும்.

எங்கள் வீட்டு வீணை என் மாமியாருடையது. தஞ்சாவூரில் செய்தது. 1970களில் இணுவிலுக்கு வந்தது. 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது ஒரு பழைய சேலையில் சுற்றி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். உயிரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வீணையைத் தூக்குவதெப்படி? 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்தால், ஓடுகள் போய்விட்டன, கதவு யன்னல் போய்விட்டன, வீணை இருந்தது. 2003இல் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து விமானத்தில் ஒக்லாந்து வந்து சேர்ந்தது. ஆகவே அது எங்கள் வீட்டில் வெறும் மரச்சாமான் அல்ல.

மூத்த மகளுக்குப் பத்து வயதானபோது வீணை வகுப்பில் சேர்த்தோம். அது 2009ஆம் ஆண்டு. அந்த ஆண்டின் தை, மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காது தொலைபேசியில், மறு காது செய்தியில். அந்த நேரத்தில்தான் பிள்ளை முன் அறையில் இருந்து சரளி வரிசை வாசிப்பாள். ச, ரி, க, ம, ப வரைக்கும் நன்றாக வரும். ‘த’ வந்தவுடன் ‘கிர்’ என்று ஓர் இரைச்சல். மறுபடி ‘நி’ நன்றாக இருக்கும். இறங்கி வரும்போது ‘த’வில் மீண்டும் ‘கிர்’.

“விரலை வடிவா அமத்து பிள்ளை” என்பேன்.

“அமத்திறன் அப்பா. வீணையிலதான் பிழை” என்பாள்.

“வீணையில பிழை சொல்லாதை. அம்மம்மா இதிலதான் முப்பது வருசம் வாசிச்சவ.”

இப்படியே நாலு மாதம். அவள் ‘த’வை மெல்லத் தடவிவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள். பிறகு வீணையை எடுப்பதையே குறைத்துக்கொண்டாள். ஒருநாள் ஆசிரியையோடு பேசும்போது தற்செயலாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். “இங்கே என்ரை வீணையில வாசிக்கும்போது சத்தம் ஒண்டும் வாறேல்லையே. தைவதம் அழகா வருது” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கியது. வகுப்பில் அதே பிள்ளை, அதே விரல், அதே ‘த’. வேறாக இருந்தது வீணை மட்டுமே. கணக்குப் படித்த எனக்கு இது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் எங்கள் தமிழ் வகுப்பு ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பழைய நிமிர்நிலைப் பியானோ. ஒரு சனிக்கிழமை அதற்குச் சுருதி கூட்ட ஒரு பெரியவர் வந்திருந்தார். சில கட்டைகளை அழுத்தினால் பியானோ அதிர்ந்து இரைந்தது. அவர் உடனே திறப்பை எடுத்துத் தந்தியை முறுக்குவார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, யன்னல் கண்ணாடியில் கை வைக்கச் சொன்னார். பிறகு சுவரில் தொங்கிய படச் சட்டத்தில். பிறகு பியானோ மூடியின் பிணைச்சலில். கடைசியாக அடிப்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு 50 சத நாணயம், ஒலிப்பலகையில் சாய்ந்தபடி கிடந்தது. அதை எடுத்தார். சத்தம் நின்றது. அதுவரை அவர் ஒரு தந்தியையும் தொடவில்லை.

பிறகுதான் தந்திக்கு வந்தார். பியானோவில் கட்டைகள் 88. ஆனால் தந்திகள் ஏறக்குறைய 230. நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். அந்த மூன்றில் இரண்டின் நடுவே றப்பர் ஆப்புச் செருகி வாயடைத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை மட்டும் கேட்டார். “மூன்றும் சேர்ந்து அழுதால் யார் அழுகிறது என்று தெரியாது” என்றார். ஒரு தந்தி தனியே ஒலிக்கும்போதே அலை அலையாக நடுங்கினால், அதை மற்றதோடு எவ்வளவு சேர்த்தாலும் சேராதாம். தந்தி தாங்கியிருக்கும் பாலத்தில் ஆணி தளர்ந்திருப்பது அதற்கு ஒரு காரணம் என்றார். பாஸ் தந்தியில் செப்புக் கம்பிச் சுற்றுத் தளர்ந்தால் வேறு விதமாக இரையும் என்றும் காட்டினார்.

பியானோ வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அதன் தந்தி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அறையைத் தேடுங்கள், நாணயத்தைத் தேடுங்கள். தந்தியைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நான் கற்றவை இரண்டு. முதலில் அறையைக் கேள், பிறகு கருவியைக் கேள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேள். வீட்டுக்கு வந்து, கணக்காளன் செய்யக்கூடியதைச் செய்தேன். ஒரு பேரேட்டுத் தாளை எடுத்தேன்.

வீணையில் வாசிப்புத் தந்திகள் 4: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மெட்டுகள் 24. மெட்டில் அழுத்தாமல் மீட்டும் திறந்த தந்தியையும் சேர்த்தால் ஒரு தந்திக்கு 25 இடங்கள். நான்கு தந்திக்கும் சரியாக 100 பதிவுகள். தாளில் தந்திகளைக் குறுக்கே நாலு வரிசையாகவும், மெட்டுகளை மேலிருந்து கீழாக 25 நிரலாகவும் கோடு போட்டேன். பக்கத்தில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளையும் ஒரு துணித் துண்டு வைத்து வாயடைத்தோம். மகள் ஒவ்வோர் இடமாக, முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் மீட்டினாள். இரைந்த இடத்தில் நான் புள்ளடி போட்டேன். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. நாலு மாதத்தில் அன்றுதான் அவளுடைய வீணையை நான் உட்கார்ந்து கேட்டேன்.

நூறில் எட்டுப் புள்ளடிகள். அந்த எட்டும் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. அதுதான் விசயம்.

நாலு புள்ளடிகள் 8ஆம் மெட்டின் நிரலில் மேலிருந்து கீழாக நின்றன. எந்தத் தந்தியில் வாசித்தாலும் 8ஆம் மெட்டில் இரைச்சல். அப்படியானால் தந்தியில் பிழையில்லை, மெட்டில் பிழை. சாரணியில் 8ஆம் மெட்டு என்பது சுத்த தைவதம். பிள்ளைகள் முதலில் பழகும் மாயாமாளவகௌளையின் ‘த’ அதுதான். பிள்ளை பிழைவிட்ட இடம் என்று நான் நினைத்தது, மெட்டுப் பிழைத்த இடம்.

மற்ற நாலும் வேடிக்கையானவை. சாரணியில் திறந்த தந்தி, பஞ்சமத்தில் 5ஆம் மெட்டு, மந்தரத்தில் 12, அனுமந்தரத்தில் 17. படிக்கட்டுப் போலக் கிடந்தன. வீணை தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். நாலும் ஒரே சுரம், அதே ஸ்தாயி ‘ச’. எந்தத் தந்தியிலிருந்து வந்தாலும் அந்த ‘ச’வுக்கு மட்டும் ஏதோ ஒன்று கூட அதிர்கிறது. அப்படியானால் வீணையைச் சுற்றி உள்ள எதையாவது தேடவேண்டும். தேடினோம். கண்ணாடி அலுமாரியின் ஒரு தட்டு. கீழே ஒரு சிறு மட்டையை மடித்து வைத்தவுடன் நின்றது.

ஆகவே நேயர்களே, இந்தத் தாளை இப்படி வாசியுங்கள். புள்ளடிகள் மேலிருந்து கீழாக ஒரு நிரலில் நின்றால் மெட்டு. குறுக்கே ஒரு வரிசையில் ஓடினால் அந்தத் தந்தி, அல்லது அது குதிரையில் பதியும் இடம். படிக்கட்டாகக் கிடந்தால் பெரும்பாலும் அறை. அல்லது கருவியோடு ஒட்டியிருக்கும் ஏதாவது: தளர்ந்த சுரைக்காய்த் திருகு, நாகபாசத்தோடு சேர்ந்த லங்கர் வளையம், குடத்தில் முட்டும் சங்கிலி. வளையலைக் கழற்றிவிட்டு வாசித்துப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

தொலைபேசி எடுத்த தாய்க்கும் இதைத்தான் சொன்னேன். ஒரு கிழமைக்குப் பிறகு எடுத்தார். புள்ளடிகள் எல்லாம் சாரணி வரிசையில் குறுக்கே. குதிரைக்கு மேலே கிடந்த இடத்தில் தந்தி துருவேறி நெளிந்திருந்தது. பிரடையை முறுக்க முறுக்க அந்த நெளிவு குதிரையின் மேல் நகர்ந்திருக்கிறது. சுருதி கூட்டக் கூட்டச் சத்தம் கூடியதற்கு அதுதான் காரணம். புதுத் தந்தி போட்டார்கள், முடிந்தது. இந்தியாவுக்கு ஒன்றும் போகவில்லை.

எங்கள் வீணையின் 8ஆம் மெட்டுக்கு என்ன நடந்தது? ஓர் இரும்பு அடிமட்டத்தை 7, 8, 9 ஆகிய மூன்று மெட்டுகளின் மேலும் நெடுக்காக வைத்துப் பார்த்தோம். 8க்கும் அடிமட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அது தாழ்ந்துபோயிருந்தது. தாழ்ந்த மெட்டில் அழுத்தினால் தந்தி அடுத்த மெட்டின் தலையில் உரசும். அந்த உரசல்தான் ‘கிர்’.

மெட்டு ஏன் தாழ்ந்தது? வீணையின் மெட்டுகள் மரத்தில் ஆணி அடித்து நிற்பவையல்ல. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து செய்த கறுப்பு மெழுகில் பதிந்து நிற்பவை. தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகையில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் பூட்டிக்கிடக்கும் கார் 50 பாகையையும் தாண்டும். இதை வாசித்தபோது எனக்கு ஒரு மாசி மாதச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்து வரும் வழியில் கடைத்தொகுதியில் நின்று, வீணையைப் பின் ஆசனத்தில் விட்டுவிட்டு, தொலைபேசி அட்டை வாங்கப் போனேன். ஊர்ச் செய்தி அறிந்த ஒருவரைக் கண்டு ஒன்றரை மணித்தியாலம் நின்று கதைத்தேன். வெயில் பின் கண்ணாடியால் நேரே வீணையின் தண்டியில் விழுந்துகொண்டிருந்தது.

பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டுத் தேடுவோம். நான் அந்த நாலு மாத வித்தியாசத்தையும் பிள்ளையின் பெயரில் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பிழையான பதிவு என் கையெழுத்தில் இருந்தது.

திருத்தியது நானல்ல. அந்த ஆண்டு பின்னர் சென்னையிலிருந்து கச்சேரிக்கு வந்திருந்த ஒரு வீணைக் கலைஞர், எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தே செய்தார். ஒரு கத்தி முனையைச் சூடாக்கி, அந்த ஒரு மெட்டைச் சுற்றி மட்டும் மெழுகை இளக்கி, மெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆறவிட்டு, சுருதி பார்த்தார். மெட்டு ஒரு மயிரிழை முன்பின்னாக நின்றாலும் சுரம் மாறிவிடும். ஆகவே உயரத்தைக் கண் பார்த்தது, இடத்தைக் காது பார்த்தது. “இதைப் பார்த்து நீங்க செய்யாதீங்க” என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை இவை. பழைய தந்தியை மாற்றலாம். பிரடை வழுக்கினால் சிறிது சோக்குத் தூள் தடவலாம். இடது விரல் கீச்சிட்டால் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொடலாம். சுரைக்காய்த் திருகை இறுக்கலாம். இப்போது சுரைக்காய் பெரும்பாலும் கடதாசிக் கூழில் அல்லது ஃபைபரில் வருகிறது. ஆனாலும் விமானப் பயணத்தில் திருகு தளரத்தான் செய்யும். புது வீணை கொண்டுவருபவர்கள் தந்திகளைச் சற்று இளக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். மரச்சாமான் என்று விமான நிலையத்தில் மறக்காமல் அறிவியுங்கள். கோடையில் காரில் விடாதீர்கள். மாரியில் ஈரச் சுவரோடு சாத்தி வைக்காதீர்கள்.

செய்யக்கூடாதது முக்கியமாக ஒன்று உண்டு. குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டை அரத்தால் தேய்க்கப் போகாதீர்கள். சத்தம் நின்றுவிடும் என்று நினைத்து நானும் ஓர் இரவு அரத்தைக் கையில் எடுத்தவன். நல்ல காலம், மனைவி வாங்கி வைத்துவிட்டார். ஏன் அது கூடாது என்பதற்கு ஒரு பெரிய மனிதரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

சர் சி.வி. இராமன். 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1930இல் நோபெல் பரிசு பெற்றவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் எங்கள் தொழில்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1907 முதல் 1917 வரை இந்திய நிதித் திணைக்களத்தில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். கல்கத்தாவில் பகலில் அரசாங்கக் கணக்கு, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் விஞ்ஞானச் சங்கத்தின் ஆய்வுகூடம். அங்கே அவர் நீண்ட காலம் ஆராய்ந்தவற்றில் ஒன்று தந்திகளின் ஒலி. துணைவியார் லோகசுந்தரி வீணை வாசிப்பவர்.

1921இல் இராமன் தம்புராவையும் வீணையையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது அதுவரை இருந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை நன்றாகவே ஒலித்தன. காரணம் குதிரை. வயலினின் குதிரை கூரான விளிம்பு. தம்புரா, வீணையின் குதிரையோ தட்டையாக, மெல்லிய வளைவோடு இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு எழும்புகிறது. அதனால்தான் அந்த நிறைந்த நாதம். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழை வைத்து அந்தத் தொடுகையைச் சரிசெய்கிறார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். ஜீவன், உயிர்.

ஆக, ‘கிர்’ என்பதும் உரசல், நாதம் என்பதும் உரசல். ஒன்று மெட்டுத் தாழ்ந்ததால் வந்தது, மற்றது செய்தவர் தெரிந்தே வைத்தது. எது எது என்று பார்க்காமல் அரத்தை எடுத்தால், பழுதோடு உயிரும் போய்விடும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையின் மதிப்பில், அந்த வளைவை இழைக்கத் தெரிந்த கைக்கும் ஒரு பங்கு உண்டு. தகட்டில் பள்ளம் விழுந்தால் அதைத் தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள்.

வானொலிக்காரன் என்ற முறையில் இன்னும் ஒன்று. வீணையில் ஒலிவாங்கி பொருத்தியிருந்து, யாரும் வாசிக்காதபோதும் ‘ம்’ என்று ஒரே சுரத்தில் முனகல் கேட்டால் அது மின்சாரம். இங்கே மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று. எந்தப் பிரடையை முறுக்கினாலும் அது மாறாது. வயரையும் இணைப்பையும் பாருங்கள்.

8ஆம் மெட்டு நிமிர்ந்த அன்று மாலை மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ச, ரி, க, ம, ப. அவளுடைய விரல் பழக்கத்தில் ‘த’வை மெல்லத் தடவிக்கொண்டு போனது. “அமத்து பிள்ளை, இப்ப சரி” என்றேன். அமத்தினாள். சுத்தமாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாலு மாதம் சொன்னதை அவள் மறுபடி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: “ஓம் அம்மா, வீணையிலதான் பிழை. அதிலும் அப்பாவின்ரை பிழை.” அம்மம்மா உள் அறையில் இருந்து, “இதைச் சொல்ல உனக்கு நாலு மாதமோ?” என்று கேட்டார்.

மகள் இப்போதும் வாசிக்கிறாள். ஆனால் ‘த’வுக்கு முன் ஒரு கணம் தயங்கும் பழக்கம் போக ஒரு வருடம் எடுத்தது. வீணையைத் திருத்த ஒரு மணித்தியாலம்தான் எடுத்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை “கருவியில பிழை” என்று சொன்னால், சாட்டுச் சொல்கிறது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முக்கால் மணித்தியாலம் கேளுங்கள். நூறு இடத்தில் எங்கே இரைகிறது என்று தாள் சொல்லும். பிழை பிள்ளையிலேயே இருந்தாலும், அதையும் அந்தத் தாளே சொல்லும்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.